கேட்பாரில்லா ஊரில்

லிஸ்பன் என்றதும் தமிழ்க் கத்தோலிக்கராகிய நம் நினைவில் இருவர் வந்து நிற்பர். ஒருவர், பதுவைப் பதியர் என உலகம் அழைத்தாலும், அந்நகரத்தார் விட்டுக்கொடுக்காமல் தம்மவர் என்றே உரிமை பாராட்டும் புனித அந்தோனியார். மற்றவர், அங்கே 1647ஆம் ஆண்டு பிறந்து, 1693 பிப்ரவரி 4 அன்று நம் ஓரியூர் மண்ணைத் தம் குருதியால் நனைத்த புனித அருளானந்தர். சிறுவயது முதல் ஓரியூருக்குச் சென்று அச்செம்மணலை நெற்றியில் இட்டு வளர்ந்தவன் நான். எனவே, 2024 மே மாதம் என் மகன் தன்னோடு இரண்டு மாதம் தங்கிச் செல்லுமாறு லிஸ்பனுக்கு அழைத்தபோது, அதை ஒரு திருப்பயணமாகவே எண்ணிப் புறப்பட்டேன். திரும்பும்போது என் பையில் புனிதர்களின் படங்கள் சில இருந்தன. மனத்தில் ஒரு கேள்வி இருந்தது. அக்கேள்வியை வாசகர்முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தேஜோ ஆறு அட்லாண்டிக் கடலோடு கலக்குமுன் அகன்று விரியும் இடத்தில், குன்றுகளின்மேல் அமைந்த ஊர் லிஸ்பன். அக்கரையில், அல்மாடா என்னும் ஊரில், 1959இல் எழுப்பப்பட்ட கிறிஸ்து அரசர் திருவுருவம் இரு கைகளையும் விரித்து நகரை நோக்கி நிற்கிறது. என் மகன் குடியிருப்பது அல்ஃபாமா என்னும் பழைய பகுதியில். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டி வழிவிடவேண்டிய சந்துகளும், படிக்கட்டுகளும், சாளரங்களுக்கு வெளியே உலரும் துணிகளும் நிறைந்த இடம். 1755ஆம் ஆண்டு அனைத்துப் புனிதர் பெருவிழாவன்று, மக்கள் திருப்பலியில் கூடியிருந்த வேளையில், நிலநடுக்கமும் கடற்பெருக்கும் தீயும் சேர்ந்து லிஸ்பனை அழித்தபோது, இந்தப் பகுதி பெரும்பாலும் தப்பிற்று. இறைவன் நல்லவராயின் இது ஏன் என்று வோல்ட்டேர் முதலிய ஐரோப்பிய அறிஞர்கள் அன்று வாதிட்டனர். அத்தகைய பெருங்கேள்வியன்று நான் சுமந்து வந்தது. மாடிப்படியில் பிறந்த சிறு கேள்வி அது.

என் மகன் லிஸ்பனில் வாழ்கிறான். ஆயினும் லிஸ்பனில் வேலை செய்யவில்லை. அவனுடைய நிறுவனம் அமெரிக்காவின் மேற்குக் கரையில் உள்ளது. அங்கே காலை ஒன்பது மணியாகும்போது லிஸ்பனில் மாலை ஐந்து. ஆகவே அவனுடைய அலுவலகம் மாலை ஐந்துக்குத் தொடங்கி நள்ளிரவு ஒன்றுக்கு முடிகிறது. அலுவலகம் என்பதும் ஒரு மேசை, ஒரு மடிக்கணினி, காதில் மாட்டும் கருவி ஒன்று, அவ்வளவே. தெரு உழைக்கும் நேரத்தில் அவன் ஓய்ந்திருப்பான். தெரு உழைத்துக் களைத்து வாசற்படியில் வந்து அமரும் நேரத்தில் அவன் கதவை அடைப்பான். இப்படி வாழ்வோரை 'டிஜிட்டல் நாடோடிகள்' என்று அழைக்கிறார்கள். அவர்களுக்கென்றே போர்த்துகல் அரசு 2022 அக்டோபர் 30 முதல் தனி விசா வழங்கத் தொடங்கியது. அதற்கு இருக்கவேண்டிய தகுதி, அந்நாட்டின் குறைந்தபட்ச ஊதியத்தைப்போல் நான்கு மடங்கு வருமானம், அதுவும் வெளிநாட்டிலிருந்து வரவேண்டும். அவ்வாண்டு குறைந்தபட்ச ஊதியம் மாதம் 705 யூரோ. அதாவது, 2,820 யூரோவுக்குக் குறையாமல் ஈட்டுபவர் வரலாம். ஒரு நாடு தன் கடைநிலை உழைப்பாளியை அளவுகோலாக வைத்து, அவனைப்போல் நான்கு பங்கு உடையவனையே வாசலில் வரவேற்கிறது. சட்டம் இயற்றியவர்கள் இதைக் கருதியிருக்க மாட்டார்கள். எனினும் அளவுகோல் தன் கதையைத் தானே சொல்லிவிடுகிறது.

ஜூன் 12 இரவை நான் மறக்கமாட்டேன். அந்தோனியார் திருநாளின் முன்னிரவு அது. அவர் பிறந்த இடத்தின்மேல் கட்டப்பட்ட ஆலயம் எங்கள் வீட்டிலிருந்து நடந்து செல்லும் தொலைவில், பேராலயத்தின் அருகே உள்ளது. அன்று அல்ஃபாமாவின் சந்துதோறும் காகிதத் தோரணங்கள். வாசலுக்கு வாசல் கரியடுப்பு. அடுப்புக்கு அடுப்பு மத்தி மீன். நம் கடற்கரைப் பங்குகளில் தேர்த்திருநாளன்று வீசும் அதே மணம். கடைகளில் மஞ்ஜெரிக்கோ என்னும் சிறு செடியைத் தொட்டியில் வைத்து விற்கிறார்கள். நம் திருநீற்றுப்பச்சிலையின் குட்டி இனம். அதை மூக்கால் நேரே முகரலாகாதாம். உள்ளங்கையை மெல்ல வைத்தெடுத்துக் கையை முகரவேண்டுமாம். தரைத்தளத்தில் தனியே வாழும் மூதாட்டி அப்படியொரு தொட்டியை எனக்குத் தந்து, என் கையைப் பிடித்துச் செடியின்மேல் வைத்து அதைக் கற்பித்தார். நான் மகிழ்ச்சியோடு மூன்றாம் மாடிக்கு ஏறி வந்தேன். மகன் மேசைமுன் அமர்ந்திருந்தான். ஒரு கையால் ஒலிவாங்கியை மூடிக்கொண்டு, "அப்பா, அந்தச் சன்னலைச் சாத்திவிடுங்கள். பாட்டுச் சத்தம் கூட்டத்தில் கேட்கிறதாம்" என்றான்.

சாத்தினேன். கண்ணாடிக்கு அப்பால் ஊர் ஆடிக்கொண்டிருந்தது. உள்ளே அவன் ஆங்கிலத்தில் எண்களைப் பேசிக்கொண்டிருந்தான். இவன் எங்கே இருக்கிறான் என்ற எண்ணம் எழுந்தது.

ஆனால் சாத்திய சாளரம் ஒரு குற்றமன்று. இரவுப்பணி செய்யும் செவிலியரும் பகலில் சன்னலைச் சாத்தித்தான் உறங்குகிறார். என்னை உறுத்தியது வேறு. அது அதற்குச் சில நாட்களுக்கு முன்பே நிகழ்ந்திருந்தது.

நான் வந்த இரண்டாம் வாரத்தில், அந்த மூதாட்டி மாடிப்படியில் என்னை நிறுத்தி ஏதோ கேட்டார். எனக்கு மொழி தெரியாது. அவர் தபால் பெட்டிகளைக் காட்டினார். மூன்று விரல்களை நீட்டி மேலே காட்டினார். மறுநாள் மகனை உடனழைத்துச் சென்றேன். இரண்டாண்டுகள் அவ்வூரில் வாழ்ந்தும் அவனுக்குத் தெரிந்த போர்த்துகீசியச் சொற்கள் நாற்பதுக்கு மேல் இரா. கைப்பேசியின் மொழிபெயர்ப்பே துணை. அவர் கேட்டது இதுதான்: "மூன்றாம் மாடியில் முன்பு இருந்த தையற்காரக் குடும்பத்துக்கு இன்னும் கடிதங்கள் வருகின்றனவா? வந்தால் என்னிடம் தாருங்கள். மாதம் ஒருமுறை படகேறி அக்கரைக்குப் போகிறேன், கொடுத்துவிடுவேன். தையற்காரரின் மனைவிக்கு மருத்துவமனையிலிருந்து ஒரு கடிதம் வரவேண்டியிருந்தது, வரவில்லையாம்."

அந்தக் குடும்பத்தின் ஒப்பந்தத்தை வீட்டுக்காரர் புதுப்பிக்கவில்லை. அவர்கள் கொடுத்ததைப்போல் இருமடங்குக்கும் மேலான வாடகை வேறிடத்திலிருந்து கிடைத்தது. அந்த வேறிடம், என் மகன். அவர்கள் ஆற்றைக் கடந்து பரெய்ரோ என்னும் ஊருக்குச் சென்றுவிட்டனர். இவ்வளவும் அன்றுதான் அவனுக்குத் தெரிந்தது. மூதாட்டி பழியாகச் சொல்லவில்லை. மழை பெய்தது என்பதுபோல் சொன்னார்.

கடிதங்கள்? என் மகனுக்குத் தபாலில் எதுவும் வருவதில்லை. பெட்டி நிறைந்தால், பெயர்கூடப் பாராமல் குப்பைத் தொட்டியில் கொட்டிவிடுவது அவன் வழக்கம். இரண்டாண்டுகளாக அப்படித்தான்.

அன்றிரவு அவன் உண்ணவில்லை. மறுநாள் எனக்கு முன்பாகவே தன் வழக்கை எடுத்துரைத்தான். நான் எதுவும் கேட்டிருக்கவில்லை. கேட்காத தந்தைக்கே பிள்ளைகள் அதிகம் பதில் சொல்கிறார்கள். "அப்பா, நான் யாரையும் வெளியேற்றவில்லை. விளம்பரம் பார்த்தேன், கேட்ட வாடகையைக் கொடுத்தேன். வரி கட்டுகிறேன். இவர்கள் கடையில் உண்கிறேன், இவர்கள் ரயிலில் போகிறேன். இவர்களில் ஒருவருடைய வேலையையும் நான் பறிக்கவில்லை. இதில் என் பாவம் எது?"

இந்த வழக்கை எளிதாகத் தள்ளிவிட முடியாது. நகரின் துயரம் இவனால் தொடங்கியதன்று. லிஸ்பன் மாநகராட்சி எல்லைக்குள் 1981இல் 8 லட்சத்துக்குச் சற்று மேற்பட்டோர் வாழ்ந்தனர். 2021 கணக்கெடுப்பில் அது ஏறத்தாழ 5 லட்சத்து 45 ஆயிரமாகக் குறைந்திருந்தது. அச்சரிவின் பெரும்பகுதி மடிக்கணினிகள் வருமுன்பே நேர்ந்துவிட்டது. பல பத்தாண்டுகளாக உறைந்துகிடந்த பழைய வாடகைகளால் வீட்டுக்காரர்கள் பழுதுபார்ப்பதைக் கைவிட, கூரைகள் இடிந்தன. மக்கள் புறநகருக்குப் போயினர். பின்பு கடன் நெருக்கடியில் சிக்கிய நாடு, 2012இல் வாடகைச் சட்டத்தைத் தளர்த்திற்று; அதே ஆண்டில் வீடு வாங்கும் அந்நியருக்கும் தங்கும் உரிமை அளித்தது. வெளிநாட்டிலிருந்து குடியேறுவோர்க்கு 2009 முதலே வரிச்சலுகை இருந்தது. 2024இல்தான் அது புதியவர்களுக்கு மூடப்பட்டது. 2016இல் உலகின் மிகப்பெரிய தொழில்நுட்ப மாநாடுகளுள் ஒன்று டப்ளினிலிருந்து லிஸ்பனுக்கு இடம்பெயர்ந்தது. வீடுகள் சுற்றுலாத் தங்குமனைகளாயின. 2023 ஏப்ரலில் குடியிருக்க வீடு கேட்டு ஆயிரக்கணக்கானோர் தெருவில் இறங்கினர். அவ்வாண்டு அரசு தங்குமனைகளுக்குப் புதிய உரிமம் வழங்குவதை நாட்டின் பெரும்பகுதியில் நிறுத்தியது. 2024இல் அடுத்து வந்த அரசு அத்தடையை நீக்கியது. இத்தனை கைகள் கூடி இழுத்த தேர் இது. இறுதியில் வடத்தில் கைவைத்த ஓர் இளைஞனை மட்டும் பிடித்துக் குற்றவாளி என்பது நீதியன்று.

ஆயினும் அவன் சொன்ன ஒரு வாக்கியம் என்னை விட்டகலவில்லை. இவர்களில் ஒருவருடைய வேலையையும் நான் பறிக்கவில்லை என்றான். அது அவன் நற்சான்றாக நினைத்துச் சொன்னது. அதிலேதான் நோய் இருக்கிறது என்று எனக்குப் பட்டது.

தமிழில் 'கேட்டல்' என்பது விரிந்த பொருளுடைய சொல். காதால் கேட்கிறோம், வழி கேட்கிறோம், உதவி கேட்கிறோம், நியாயம் கேட்கிறோம். "ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்க ஆளில்லையா?" என்கிறோம். கேட்பாரற்றுக் கிடப்பது மனிதனுக்கு நேரும் பெருந்துயர் என்கிறோம். கேட்பாரின்றித் திரிவதோ, மனிதனுக்கு நேரும் பெருங்கேடு. இரண்டையும் ஒரே சொல்லால் குறித்த நம் முன்னோர், ஒருவன் ஓர் ஊரில் வாழ்கிறான் என்பதற்கு இதையே அடையாளமாகக் கொண்டனர் போலும்: அவனை அவ்வூரார் கேட்கலாம்.

முப்பத்து நான்கு ஆண்டுகள் நான் ஒரு சிற்றூர்ப் பள்ளியில் ஆசிரியன். காலையில் ஒரு பையனைக் கடிந்துகொண்டால், மாலையில் கடைத்தெருவில் அவன் தாய் என்னை நிறுத்திக் கேட்பாள். கணக்கு சரியாகப் போதிக்கவில்லை என்றால் தேநீர்க் கடையிலேயே அது பேசப்படும். சில நாட்களில் அதை வெறுத்திருக்கிறேன். எவரும் அறியாத ஒரு பெருநகருக்கு மாற்றலாகிப் போய்விட்டால் போதும் என்று மன்றாடியதும் உண்டு. ஆனால், நான் அவ்வூரை நேசித்தேனா இல்லையா என்பதை எதிர்பார்க்காமலேயே, என் தொழில் என்னை அவ்வூரோடு கட்டிவைத்தது. நான் நல்லவனாயிருந்ததால் அவர்களுக்குக் கடன்பட்டவனாகவில்லை. அங்கே வேலை செய்தேன், அதனால் கடன்பட்டேன்.

கடற்கரை நகரொன்றில் அந்நியராய் வாழ்ந்து உழைத்த புனித பவுலை எண்ணிப் பாருங்கள். கொரிந்து இரு துறைமுகங்களையுடைய நகரம். பல நாட்டாரும் வந்துபோகும் இடம். அங்கே அவர் முதலில் அடைந்த உறவு எது? ரோமையிலிருந்து துரத்தப்பட்டு வந்திருந்த அக்கிலா, பிரிஸ்கில்லா இணையர். அவர்களோடு அவரைச் சேர்த்துவைத்தது கூடாரம் செய்யும் தொழில் என்று திருத்தூதர் பணிகள் நூல் சொல்கிறது. ஒன்றரை ஆண்டுதான் தங்கினார். ஆனால் அவர் தைத்த தையல் பிரிந்தால், வாங்கியவர் வந்து கேட்கமுடிந்திருக்கும்.

தொலைவிலிருந்து செய்யும் பணி, வரலாற்றில் எளிய மனிதர்க்கு அரிதாகவே கிடைத்த ஒன்றைத் தந்துவிடுகிறது. உடல் ஓரிடத்தில் உண்டு உறங்கும். அதன் உழைப்பைக் கேட்பவர் வேறிடத்தில் இருப்பார். என் மகனை அவன் மேலதிகாரி நள்ளிரவிலும் கேட்கலாம். அவனுடைய பிழையால் கலிபோர்னியாவில் ஒருவர் இழப்பெய்தினால் அவர் கேட்கலாம். ஆனால் அல்ஃபாமாவில் எவரும் அவனைக் கேட்பதற்கில்லை. அவன் அவர்களுக்கு ரொட்டி சுடுவதில்லை, சட்டை தைப்பதில்லை, பிள்ளைகளுக்குப் பாடம் சொல்வதில்லை. வாடகை மாதந்தோறும் வங்கிவழி சென்றுவிடுகிறது. அவர்களோடு அவனுக்குள்ள உறவு முழுவதும் விலை கொடுத்து முடிந்துபோன உறவு. முடிந்த கணக்கில் யார் வந்து என்ன கேட்கமுடியும்? கடிதங்கள் குப்பைக்குப் போனது கொடுமை உள்ளத்தால் அன்று. அந்தப் பெயர்கள் அவனைக் கேட்கும் பெயர்கள் என்பது இரண்டாண்டுகளாக அவனுக்குத் தோன்றவேயில்லை.

இவ்விடத்தில் ஒரு நண்பர் குறுக்கிட்டார். வளைகுடா நாடுகளில் நம் பிள்ளைகள் பத்தும் இருபதும் ஆண்டுகள் வாழ்ந்து, அந்நகரங்களோடு ஒட்டாமலே திரும்புகிறார்களே, அதை மட்டும் ஏன் குறைசொல்வதில்லை என்றார். நியாயமான வினா. ஆனால் அங்கே கட்டடத்தில் செங்கல் அடுக்கியவன் அந்நகரத்துக்குத் தன் முதுகெலும்பைக் கொடுத்தான். ஒட்டவிடாமல் கதவை மூடியது நகரம். லிஸ்பனிலும் அத்தகையோர் உண்டு. அல்ஃபாமாவிலிருந்து சிறிது தொலைவில் பென்ஃபோர்மோசோ என்னும் தெரு. வங்காளதேசத்தார், நேபாளியர், பாகிஸ்தானியர், இந்தியர் எனப் பலர் நெருங்கி வாழுமிடம். நகரின் உணவைச் சமைப்பதும், மிதிவண்டியிலும் மோட்டார் வண்டியிலும் ஏற்றி வீடுதோறும் கொண்டுசேர்ப்பதும் இவர்களைப் போன்றவர்களே. 2024 டிசம்பர் 19 அன்று அத்தெருவில் காவல்துறை பல பத்துப் பேரைச் சுவரை நோக்கி வரிசையாக நிறுத்திச் சோதனையிட்டது. அதைக் கண்டித்து 2025 ஜனவரி 11 அன்று லிஸ்பன் மக்களே ஆயிரக்கணக்கில் ஊர்வலம் சென்றனர். தோல்நிறத்தில் என் மகனுக்கும் அவர்களுக்கும் வேற்றுமையில்லை. ஆயினும் ஊருக்கு நாள்தோறும் உழைப்பவனுக்குப் பெயர் 'குடியேறி'. ஊருக்கு எதுவும் செய்யாதவனுக்குப் பெயர் 'நாடோடி'. பின்னதில் ஒரு கவர்ச்சி ஒலிக்கிறது. உண்மையான நாடோடிகள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். தாம் மேய்க்கும் புல்லுக்கும் நீருக்கும் வழியிலுள்ள ஊர்கள் அனைத்திலும் அவர்கள் கேட்கப்படுபவர்கள்.

லிஸ்பனின் மேற்கே பெலெம் என்னும் இடத்தில், ஆற்றங்கரையில் நின்றபோது எனக்கு இன்னொன்று விளங்கிற்று. அங்கிருந்துதான் 1497இல் வாஸ்கோ ட காமா புறப்பட்டார். மறு ஆண்டு நம் மேற்குக் கரையில் வந்திறங்கினார். அவர் பின்னால் வந்தவர்கள் 1503இல் கொச்சியில் கோட்டை கட்டினர், பண்டகசாலை வைத்தனர். அந்தப் பண்டகசாலைக் கணக்கர் எப்படி வாழ்ந்தார்? கொச்சியின் காற்றை உண்டார். கொச்சியின் மீனை உண்டார். அவர் எழுதிய கணக்கோ லிஸ்பனிலிருந்த அரசருக்கு. மிளகின் விலையைத் தவிர அவ்வூரோடு அவருக்குப் பேச்சில்லை. தொலைவிலிருந்து பணிபுரிவோர் என்னும் இனம் புதிதன்று. ஒரு காலத்தில் அவர்கள் இங்கிருந்து அங்கே வந்தார்கள். இன்று அங்கேயே நம் பிள்ளைகளும் அமர்ந்திருக்கிறார்கள். அன்று பீரங்கி இருந்தது, இன்று இல்லை. வேறுபாடு பெரிதுதான், அதை மறுக்கமாட்டேன்.

அதே துறைமுகத்திலிருந்துதான் 1673இல் அருளானந்தரும் கப்பலேறினார். அவருக்கும் மேலாளர்கள் தொலைவில்தான் இருந்தனர். அவர் எழுதிய கடிதம் போய்ச் சேர மாதங்கள் பல பிடிக்கும். ஆனால் அவர் நம் மண்ணுக்கு வந்து செய்த முதல் வேலை, தம்மைக் கேட்கத்தக்கவராக ஆக்கிக்கொண்டது. நம் மொழியைக் கற்றார், பண்டாரசுவாமிகளின் உடையை அணிந்தார், புலால் விடுத்தார். இவற்றைத் தவம் என்றே நாம் போற்றிவந்திருக்கிறோம். தவம்தான், ஆயினும் இவற்றில் வேறொன்றும் இருக்கிறது. ஒருவன் தன்னிடம் வந்து பேச, உடன் அமர, கேள்வி கேட்க, எது தடையோ அதைத் தன் பக்கத்திலிருந்து அகற்றுவது. 1686இல் மறவர் நாட்டில் சிறைப்பட்டு வதையுண்டார். விடுவிக்கப்பட்டு, பின்னர் லிஸ்பனுக்கு அனுப்பப்பட்டார். அங்கே அரசர் பேதுரு, அவருடைய இளமைத் தோழர், அவரை அரண்மனையில் இருத்திக்கொள்ள விரும்பினார். இருந்திருக்கலாம். அங்கிருந்தே மதுரைப் பணித்தளத்துக்குப் பொருளும் ஆளும் அனுப்பியிருக்கலாம். இக்காலத்தார் சொல்வதுபோல், தொலைவிலிருந்தே பணியாற்றியிருக்கலாம். 1690இல் திரும்பி வந்துவிட்டார். தடியத்தேவர் திருமுழுக்குப் பெற முன்வந்தபோது, ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொள்ளவேண்டும் என்றார். விலக்கப்பட்டவர்களுள் ஒருவர் சேதுபதி மன்னரின் உறவுப்பெண். அவர் சென்று தம் சிற்றப்பனிடம் முறையிட்டார். அந்தப் பெண்ணுக்கு நேர்ந்த துயரமும் துயரமே. நம் பிரசங்கங்களில் அதைப் பேசுவோர் குறைவு. இங்கே நான் சொல்லவருவது, ஒரு லிஸ்பன்காரரின் சொல் இராமநாதபுரச் சீமையின் ஒரு குடும்பத்துக்குள் சென்று தைத்தது, அதற்கு அவர் அங்கேயே பதில் சொல்லவேண்டியதாயிற்று என்பதே. வேறொருவர் கப்பலேறித் தப்பியிருப்பார்.

மறைசாட்சியை எடுத்துக்காட்டாக வைத்து ஒரு மென்பொருள் எழுதுபவனை அளப்பதா என்று நீங்கள் சினக்கக்கூடும். அவனிடம் யாரும் தலையைக் கேட்கவில்லை. கடிதத்தைக் கேட்டார்கள். அவ்வளவே. நல்ல சமாரியர் உவமையிலும், காயமுற்றவனைத் தூக்கியவர் அவ்வூரில் குடியிருந்தவரல்லர்; தம் அலுவலாய்ப் போய்க்கொண்டிருந்த வழிப்போக்கர். ஓரிரவு தங்கினார், மறுநாள் தம் வழியே போனார். போகும்போது, மேலும் செலவானால் திரும்பி வருகையில் தருவதாகச் சாவடிக்காரரிடம் ஒரு கடனைத் திறந்தேவைத்துப் போனார். இத்தனை ஆண்டுகள் அந்த உவமையைக் கேட்டும், அந்த முடியாத கணக்கு என் கண்ணில் பட்டது லிஸ்பனில்தான். கடந்து செல்பவன் அயலானாக முடியாது என்பதில்லை. கணக்கை முற்றாக முடித்துவிட்டேன் என்பவனால்தான் முடியாது.

முன்பு தொழில் தானாகவே செய்துவந்த வேலையை இன்று ஒருவன் தானே முயன்று செய்யவேண்டியிருக்கிறது. மொழியைக் கற்பது, வாசற்படியில் அமர்வது, பெயர்களைப் பார்த்துவிட்டுக் கடிதங்களை எடுத்துவைப்பது, தன் எண்ணை ஒருவரிடம் கொடுப்பது. இவை சிறியவை. இவற்றால் தையற்காரக் குடும்பம் அல்ஃபாமாவுக்குத் திரும்பிவிடப் போவதில்லை. அதற்குச் சட்டம் வேண்டும், வீடுகள் வேண்டும், ஒரு வேளை என் மகனைப் போன்றோர் வேறு வகையான வீடுகளில் வாழ ஒப்புக்கொள்வதும் வேண்டும். கனிவான ஒரு குடியிருப்பாளன் தன் கனிவைக் காட்டி, அவன் கொடுக்கும் வாடகை செய்யும் வேலையை மறைத்துவிடக்கூடும் என்ற அச்சமும் எனக்கு உண்டு. இதை அவனிடமே சொன்னேன். அவன் நெடுநேரம் பேசாமலிருந்து, "அப்படியானால் நான் போய்விட வேண்டுமா?" என்றான். போய்விட்டால் அந்த வீடு சுற்றுலாத் தங்குமனையாகும் என்பது இருவருக்கும் தெரியும். என்னிடம் விடையில்லை. இன்றும் இல்லை.

நான் புறப்படுவதற்கு முந்திய ஞாயிறன்று மூவரும் படகேறி அக்கரைக்குப் போனோம். மூதாட்டியின் மடியில் பெட்டியில் எஞ்சியிருந்த இரண்டு கடிதங்கள் இருந்தன. மருத்துவமனைக் கடிதம் அவற்றில் இல்லை. தையற்காரர் எங்களுக்குக் காப்பி தந்தார். மகன் தன் நாற்பது சொற்களில் எவற்றைக் கொண்டு என்ன சொன்னானோ, நான் அறியேன். அவர் மனைவி எழுந்து உள்ளே போய்விட்டார். தையற்காரர் மட்டும் அவன் தோளில் கைவைத்தார். அந்த அம்மையார் நாங்கள் விடைபெறும்வரை வெளியே வரவில்லை. அதுவும் அவருடைய உரிமை.

2025 பிப்ரவரியில் ஒருநாள் மகன் என்னைத் தொலைபேசியில் அழைத்தான். மூதாட்டியின் மகளும் அக்கரையில்தான் வாழ்கிறார்; அவரிடம் இவன் தன் எண்ணைக் கொடுத்திருந்தான். முன்னிரவு அவர் அழைத்தாராம். தாய் தொலைபேசியை எடுக்கவில்லை, மழை பெய்கிறது, படகு நின்றுவிட்டது, கீழே விளக்கு எரிகிறதா என்று மட்டும் பார்த்துச் சொல்லமுடியுமா என்று கேட்டாராம்.

"அலுவலக நேரமாயிற்றே?" என்றேன்.

"ஆமாம் அப்பா. கூட்டத்தில் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். ஒரு நிமிடம் என்று சொல்லிவிட்டு இறங்கினேன்."

விளக்கு எரிந்துகொண்டிருந்ததாம். மூதாட்டி தொலைபேசியை அடுப்பங்கரையில் வைத்துவிட்டு உறங்கிப்போயிருந்தார். கதவைத் திறந்தவர், வந்ததுதான் வந்தாய் என்று அவனை உட்காரவைத்து, உயரத்தில் இருந்த ஒரு பாத்திரத்தை எடுத்துத்தரச் சொன்னாராம். மேலே அந்தப் பன்னிரண்டு பேரும் காத்துக்கொண்டிருந்தார்களாம்.